அப்பாவின் பெயரை எந்த எழுத்தில் எழுதுவது?

கேள்வி:

ஐயா, எனக்கு 41 வயது. பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்துக் கிராமம். பால் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். பேரேடு மலையாளத்தில், பால் ஊற்ற வருகிறவர்களிடம் பேச்சு தமிழில். அப்பா நான்கு மாதத்துக்கு முன்பு தவறிவிட்டார். 1951இல் பிறந்தவர். நான் உள்ளே அழுதுகொண்டிருந்த நேரத்தில் என் தம்பி பஸ் நிறுத்தத்தில் ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டான். 'ஆதராஞ்சலிகள்' என்று தொடங்கி முழுக்க மலையாளம். தமிழ் ஒரு வரி இல்லை. உடுமலையிலிருந்து வந்த பெரியம்மா படத்தைப் பார்த்து அழுதுவிட்டு, "என்ன போட்டிருக்கிறது, வாசி" என்றார். என் அப்பாவின் பெயரை நான் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது.

பதினாறாம் நாள் காரியத்தில் சொந்தங்களின் முன்னால் தம்பியைக் கேட்டுவிட்டேன்: "செத்த பிறகு அப்பாவை மலையாளி ஆக்கிவிட்டாயே." அவன் சாப்பிடாமல் எழுந்து திருச்சூருக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

நான் பத்தாம் வகுப்பு வரை இங்கேயே தமிழ்வழியில் படித்தேன். ஐந்து வயது இளையவனான தம்பியை அப்பா மலையாளப் பள்ளியில் சேர்த்தார். தமிழ் பேசுவான், எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது. முதல் தேர்விலேயே அரசு வேலை கிடைத்தது. மனைவி திருச்சூர்க்காரர். நான் கோவையில் விடுதியில் தங்கி பி.காம். படித்தேன். அங்கே 'மலையாளத்துப் பெண்' என்றார்கள். ஒருநாள் விடுதிக் காப்பாளரிடம் "எனக்கு விஷமமாக இருக்கிறது" என்று அழுதேன், "என்ன விஷமம் செய்தாய்?" என்று அதட்டினார். ஊர் திரும்பி அரசுத் தேர்வுகள் பல எழுதினேன், அமையவில்லை. பாலக்காட்டில் வாய் திறந்தால் 'பாண்டி' என்று ஒரு சிரிப்பு. சிறுவயதில் அப்பா என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்ச் சித்தூரில் கொங்கன்படை விழா காட்டுவார். கொங்கன் தோற்கும்போது கைதட்டுவேன். நாங்களே கொங்கு நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று பிறகு தெரிந்தபோது அந்தக் கைதட்டல் உறுத்தியது.

அப்பா காசு எண்ணுவது தமிழில், கிராம அலுவலகத்தில் கையெழுத்து மலையாளத்தில். அவருடைய கணக்கு நோட்டுகள் என்னிடம் இருக்கின்றன. தமிழ் எழுத்து, பாதி மலையாளச் சொல். இப்போது வீட்டில் மலையாளம் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டேன். என் 11 வயது மகள், "அப்படியென்றால் நாம் யார் அம்மா?" என்கிறாள். இரவில் தூக்கமில்லை. தம்பி செய்தது சரியா? நாங்கள் யார், ஐயா?

— பெயர் வேண்டாம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இங்கே அச்சாகியிருப்பது உங்கள் கடிதத்தின் சுருக்கம். முழுக் கடிதம் ஆறு பக்கம். இரண்டாம் முறை வாசிக்கும்போது கையில் பென்சில் இருந்தது. 'மொழி' என்ற சொல் வருமிடமெல்லாம் கோடு போட்டுக்கொண்டே போனேன். பக்கத்துக்கு நாலைந்து கோடு விழுந்தது. அப்பா எப்படி இறந்தார், கடைசி நாட்களில் யார் பக்கத்தில் இருந்தார்கள், அவர் உட்காரும் திண்ணை இப்போது எப்படிக் கிடக்கிறது என்று எங்கேயும் இல்லை. குறையாகச் சொல்லவில்லை. மன ஆலோசனைக்காக என் அறைக்கு வருகிறவர்களில் பலரும் இப்படித்தான் வருகிறார்கள். துக்கத்தை எடுத்துவரக் கைவராமல் ஒரு வழக்கை எடுத்து வருகிறார்கள். சிலருக்கு வேலித் தகராறு, சிலருக்குக் கொள்ளி யார் வைப்பது என்ற தகராறு, உங்களுக்கு ஃப்ளெக்ஸ்.

ஆகவே முதலில் தூக்கம். நான்கு மாதம் துக்கத்தில் நீண்ட காலம் அன்று. துக்கம் நோயின் அளவுக்குப் போய்விட்டது என்று சொல்வதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாடே குறைந்தது 6 மாதம் பொறுக்கச் சொல்கிறது. ஆனால் தூங்காத இரவுகளோடு அவ்வளவு நாள் பொறுத்திருக்க வேண்டியதில்லை. 14416 என்ற டெலி மனஸ் எண்ணில், அது அரசின் மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம், கட்டணம் கிடையாது. எது முதலில் வாயில் வருகிறதோ அதில் பேசுங்கள். அந்த ஓர் இடத்திலாவது எந்த மொழி என்று யோசிக்க வேண்டாம்.

இனி ஃப்ளெக்ஸ். 'இரண்டு மொழியிலும் அச்சடித்திருக்கலாமே' என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். வேலந்தாவளத்திலிருந்து மீனாட்சிபுரம் வரை எல்லையோரமாகப் போனால் கடைப் பலகையிலும் கோயில் நோட்டீஸிலும் இரண்டு எழுத்தையும் பார்க்கலாம். அது உங்களுக்கும் தெரியும், உங்கள் தம்பிக்கும் தெரியும். இவ்வளவு சுலபமாகத் தீரக்கூடிய ஒன்றுக்காக உடன்பிறந்தவர்கள் மாதக்கணக்கில் பேசாமல் இருக்க மாட்டார்கள். அதனால் அந்தத் தீர்ப்பை ஓரமாக வைத்துவிடுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் பிறந்தது கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு வட்டத்தில். உங்கள் கதையைக் கண்ணாடியில் காட்டினால் என் கதை. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தன. அதே நாளில் மலபார், சென்னையிலிருந்து கேரளத்துக்குப் போனது. உங்கள் சித்தூர் இன்னும் விசித்திரம். ஒட்டிக் கிடக்கிற பாலக்காடு ஆங்கிலேயரின் மலபார் மாவட்டமாக இருந்த காலத்தில் சித்தூர் கொச்சி அரசருடைய நிலம், மற்றக் கொச்சியோடு ஒட்டாமல் தனித்துண்டாகக் கிடந்தது. உங்கள் அப்பா பிறந்தது திருவிதாங்கூர்-கொச்சியில். பள்ளிக்கூடம் போகிற வயதில் அது கேரளம். அவர் வாசலைவிட்டு நகரவே இல்லை.

என் பாட்டி திருநெல்வேலிக்காரர்களைப் 'பாண்டிக்காரர்' என்பார். தன்னை மலையாளி என்று நினைத்துச் சொன்னதில்லை. மலைக்குக் கிழக்கே இருப்பதெல்லாம் பாண்டி, அவ்வளவுதான் அவருடைய பூகோளம். நான் சென்னைக்குப் படிக்கப் போனபோது முதல் கேள்வி, 'மலையாளமா?'. வேலைக்குப் பாலக்காடு வந்த முதல் வாரம் ஓர் ஆட்டோக்காரர் என்னைப் 'பாண்டி' என்றார். பாட்டி இருந்திருந்தால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பார். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. இறங்கும்போது பத்து ரூபாய் கூடுதலாகக் கொடுத்தேன், ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஒன்று மட்டும் விளங்கியது. 'நான் யார்' என்ற கேள்வி தனியாக உட்கார்ந்திருக்கும்போது எனக்கு வந்ததே இல்லை. யாராவது கேட்டால்தான் வந்தது. கேட்பவர் மாறினால் கேள்வியும் மாறியது. உங்கள் கடிதத்திலும் விடுதிக் காப்பாளர், பாலக்காட்டுச் சிரிப்பு, பெரியம்மா, மகள் என்று நான்கு பேர் கேட்கிறார்கள். நால்வருக்கும் ஒரே பதிலைத் தேடுகிறீர்கள். அங்கேதான் தூக்கம் போகிறது என்று நினைக்கிறேன்.

'அடையாள நெருக்கடி' என்று இன்று எல்லாரும் சொல்கிறோமே, அந்தச் சொல்லைப் பரப்பிய உளவியலாளர் எரிக் எரிக்சன். ஜெர்மனியில் 1902இல் பிறந்தவர். தாய் டென்மார்க் நாட்டு யூதப் பெண். பெற்ற தகப்பன் யார் என்று கடைசிவரை அவருக்குத் தெரியாமலே போயிற்று. நல்ல உயரம், பொன்னிறத் தலைமயிர். யூதக் கோயில் பள்ளியில் அவரைப் பார்த்து 'வடக்கத்தி ஐரோப்பியன்' என்று கேலி. ஜெர்மானியப் பள்ளியில் 'யூதன்' என்று கேலி. பிறகு அமெரிக்கா போய்க் குடியுரிமை வாங்கும்போது குடும்பப் பெயரைத் தானே மாற்றிக்கொண்டார். எரிக்சன் என்றால் எரிக்கின் மகன். தனக்குத் தானே தகப்பனாகிவிட்டார் என்று எங்கள் வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வோம். அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னதன் சாரம் இது: நேற்றிருந்த நானே இன்றும் இருக்கிறேன் என்று உள்ளே ஓர் உறுதி வேண்டும், சுற்றியிருப்பவர்கள் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் ஆட்டம் காணும்.

உங்களுக்கு உள்ளே குறை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆறு பக்கமும் நல்ல திடமான தமிழ், நடுநடுவே மலையாளச் சொல், ஓரிடத்திலும் தடுமாற்றம் இல்லை. குறைந்தது ஏற்பு. கோவை விடுதியில் நீங்கள் உங்கள் வீட்டுச் சொல்லால் அழுதீர்கள். மலையாளத்தில் விஷமம் துயரம், தமிழில் குறும்பு. அழுகிற பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் சொல்லை மட்டும் கேட்டார் அந்தக் காப்பாளர். இருபது ஆண்டு கழித்து அதை எனக்கு எழுதுகிறீர்கள் என்றால் அது எவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது என்று பார்க்கிறேன்.

அரசு கேட்டால் பதில் சுலபம், ஏனென்றால் அரசு தன் கேள்விக்கு வரையறை வைத்திருக்கிறது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாய்மொழி என்றால் சிறுவயதில் தாய் உங்களோடு பேசிய மொழி. அதை எழுதிவிட்டு, தெரிந்த வேறு மொழிகள் இரண்டு வரை சொல்லலாம். தமிழ் என்று எழுதுங்கள், அடுத்து மலையாளம் என்று எழுதுங்கள். முதலாவதை இரண்டாவது அழிப்பதில்லை. தொடக்கப் பள்ளியில் தாய்மொழியில் படிக்க வசதி தர வேண்டும் என்று அரசியலமைப்பின் 350ஏ பிரிவு சொல்வதும், கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (பி.எஸ்.சி.) தேர்வில் தமிழ் வினாத்தாள் கிடைப்பதும் இந்த வரையறையின் பயன்கள். வெட்கப்படாமல் வாங்கிக்கொள்ள வேண்டிய உரிமைகள். அரசின் பதில் மாநில எல்லைக் கோட்டோடு நின்றுவிடும் என்பதும் உண்மை. இங்கே வாங்கிய சாதிச் சான்றிதழை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் இட ஒதுக்கீடு கேட்க முடியாது. ஒரே குலம், ஒரே குலதெய்வம், நடுவில் வாளையார் சோதனைச் சாவடி. இப்படிக் காகிதமும் ஒருவரை இந்த ஊர்க்காரர் ஆக்குகிறது. நாம் ரத்தம், மொழி என்று பேசிக்கொண்டிருக்கும்போது அது சத்தமில்லாமல் தன் வேலையைச் செய்கிறது.

பாலக்காட்டுச் சிரிப்புக்குப் பதில் தேட வேண்டாம். அது கேள்வியே இல்லை. ஹென்றி டாஜ்ஃபெல் என்ற சமூக உளவியலாளர் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் பள்ளிப் பையன்களை வைத்து ஒரு சோதனை நடத்தி 1971இல் வெளியிட்டார். இரண்டு ஓவியர்களில் யார் படம் பிடிக்கிறது என்று கேட்டு, அதன்படி இரண்டு குழுவாகப் பிரித்ததாகச் சொன்னார். உண்மையில் பிரித்தது குருட்டாம்போக்கில். பிறகு காசைப் பங்கிடச் சொன்னார். பையன்கள் தங்கள் குழுவுக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். அதைவிட விசேஷம், தங்கள் குழுவுக்கு மொத்தத்தில் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை, மற்றக் குழுவைவிட அதிகமாக இருக்கட்டும் என்று நினைத்தார்கள். முந்தின நாள்வரை ஒரே வகுப்பில் இருந்த பிள்ளைகள். ஓர் ஓவியத்துக்கே இவ்வளவு என்றால் எழுத்துக்கும் சோற்றுக்கும் கேட்க வேண்டுமா? அடுத்தடுத்து வாழ்கிறவர்கள், பார்க்க ஒன்றுபோல இருக்கிறவர்கள்தாம் ஒருவரையொருவர் அதிகம் கேலி செய்வார்கள் என்று அதற்கு முன்பே ஃபிராய்டு சொல்லிவிட்டார். ஸ்பானியரையும் போர்த்துக்கீசியரையும் உதாரணம் காட்டினார். பாலக்காட்டையும் பொள்ளாச்சியையும் பார்த்திருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்க மாட்டார்.

கொங்கன்படையைப் பற்றி ஒரு வார்த்தை, அது உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம். மாசியில் நடக்கும் அந்த விழாவுக்கு நானும் ஒருமுறை போயிருக்கிறேன். கொங்குப் படை வருவதும், சித்தூர் பகவதி அதை வெல்வதும். நீங்கள் கைதட்டியது உறுத்துகிறது என்கிறீர்கள். நீங்கள் உட்கார்ந்திருந்த தோளை நினைத்துப் பாருங்கள். கொங்குத் தமிழ் பேசிய ஒருவர், கொங்கன் தோற்கிற விழாவுக்கு, ஆண்டுதோறும் மகளைச் சுமந்துகொண்டு போயிருக்கிறார். அவருக்கு அது உறுத்தவில்லை. எப்படி உறுத்தாமல் இருந்தது என்று அவரிடம் கேட்டிருக்கலாம், இப்போது கேட்க முடியாது. உங்கள் உறுத்தலில் பாதி அந்தக் கேட்க முடியாமையாக இருக்கும்.

அவரை மலையாளி ஆக்கியதாகத் தம்பியைச் சொன்னீர்கள். அது கடுமையான சொல், அநியாயமும்கூட. ஒரு ஃப்ளெக்ஸ் யாரையும் எதுவும் ஆக்காது. காசு தமிழில், கையெழுத்து மலையாளத்தில் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இருமொழி மனிதரைப் பற்றி நிறைய ஆராய்ந்த பிரான்சுவா குரோஜான் ஒன்று சொல்வார்: இரண்டு மொழி பேசுகிறவர், ஒரே உடம்பில் அடைபட்ட இரண்டு ஒற்றைமொழிக்காரர் அல்லர், அவர் தனி வகை. ஒவ்வொரு வேலையையும் எந்த மொழியில் கற்றாரோ அந்த மொழியில் செய்வார். அப்பா கணக்கைத் தமிழில் கற்றார், அரசாங்கத்தை மலையாளத்தில் கற்றார். அவர் பாதி இதுவும் பாதி அதுவுமாக இருந்தார் என்று எனக்குத் தோன்றவில்லை. முழுக்க முழுக்கக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரராக இருந்தார்.

இனிச் சொல்லப்போவது ஊகம். தவறென்றால் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

உங்களைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்த அதே அப்பா, ஐந்து ஆண்டு கழித்துத் தம்பியை மலையாளப் பள்ளியில் சேர்த்தார். கடிதத்தில் இதை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். அதன் அடுத்த வரி, அவனுக்கு முதல் தேர்விலேயே வேலை. அதற்கு அடுத்து, நீங்கள் எழுதிய தேர்வுகள் அமையவில்லை. இந்த மூன்றையும் நீங்கள் சேர்த்து வாசித்ததுண்டா? நான் வாசித்தபோது ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் போலிருந்தது. மகளுக்கு வீட்டு மொழி, மகனுக்குச் சர்க்கார் மொழி. அப்பா வஞ்சகமாகச் செய்திருக்க மாட்டார். உங்களுக்குப் பள்ளி தேடியபோது பக்கத்தில் எது இருந்ததோ அதில் சேர்த்திருப்பார். அடுத்த ஐந்தாண்டில் உலகம் போகிற திசையைப் பார்த்து மனம் மாறியிருப்பார். பெண் எப்படியும் கட்டிக்கொடுத்துப் போகிறவள்தானே என்று ஒரு கணக்கும் இருந்திருக்கலாம், நம் வீடுகளில் அது இல்லாமல் இருப்பது அபூர்வம். எப்படியானாலும் உங்கள் பங்குக்கு வந்தது தமிழ். விடுதியில் செல்லாத தமிழ், பி.எஸ்.சி.யில் பலன் தராத தமிழ். ஆனாலும் அதை நீங்கள் கைவிடவில்லை, அப்பா கொடுத்தது என்று பத்திரமாக வைத்துக்கொண்டீர்கள். அவருடைய நோட்டுகள்கூட உங்களிடம்தான் வந்தன. அப்படி இருக்கும்போது அவருடைய சாவுச் செய்தியில் அந்த மொழி ஒரு வரிகூட இல்லை. 'உன் பங்கு அவ்வளவுதான்' என்று ஊர் நடுவில் எழுதிவைத்ததுபோல் உங்களுக்கு இருந்திருக்கும். கோபம் வராமல் என்ன செய்யும்?

அந்தக் கோபத்தில் ஒரு பகுதி அப்பா மேல். இறந்தவரைக் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதனால் அது தம்பி வீட்டு விலாசத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இப்போது அவன் பக்கம். அவன் மனத்தை நான் வாசிக்க முடியாது, அவன் எனக்கு எழுதவில்லை. ஆனால் உங்கள் கடிதத்திலேயே ஒரு வரி இருக்கிறது: அவனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டத் தெரியாது. நீங்கள் விரும்பியபடி ஃப்ளெக்ஸ் தமிழில் இருந்திருந்தால், அப்பா இறந்துவிட்டார் என்று ஊருக்குச் சொல்லும் பலகையை அவருடைய மகனால் வாசிக்க முடியாது. பெரியம்மா நின்ற இடத்தில் அவன் நின்றிருப்பான். "என்ன போட்டிருக்கிறது, வாசி" என்று உங்களைக் கேட்டிருப்பான். அச்சுக்கடைக்காரரிடம் எழுதிக் கொடுக்க அவனுக்கு இருந்தது ஒரே எழுத்து. அந்த எழுத்தை அவன் கையில் கொடுத்ததும் அதே அப்பாதான். உங்களுக்கு வேலை கிடைக்காதது இழப்பு என்றால், அப்பாவின் கணக்கு நோட்டை விரித்தால் அவர் கையெழுத்து வெறும் கோடாகத் தெரிவது இன்னோர் இழப்பு. பங்கில் யாருக்கு எது குறைந்தது என்று நீங்கள் இருவரும் இதுவரை கணக்குப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது.

மலையாளப் பள்ளியில் ஒரு தமிழ் வீட்டுப் பையனாக அவன் எப்படி இருந்தான் என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? 'பாண்டி' என்று உங்களைப் பெரியவளான பிறகு அழைத்தார்கள். அவனை ஆறு வயதில் அழைத்திருக்கக்கூடும்.

மகளிடம் வருகிறேன். வீட்டில் மலையாளம் கூடாது என்ற தடையை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். மற்றதெல்லாம் யோசனையாகச் சொல்கிறேன், இதை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இரண்டு பண்பாட்டில் வளரும் பிள்ளைகளைப் பற்றி ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது, இரண்டும் ஒத்துப்போகும் என்று உணர்கிற பிள்ளைக்கு இரண்டும் துணை, இரண்டும் பகை என்று உணர்கிற பிள்ளைக்கு இரண்டும் சுமை. பள்ளியில் தோழிகளோடு சிரித்த மொழியை வாசற்படியில் கழற்றிவைத்துவிட்டு வரச் சொன்னால் அவள் தமிழை நேசிக்க மாட்டாள், மறைக்கக் கற்றுக்கொள்வாள். நாளைக்குத் திருச்சூர் அத்தை வந்தால் அவரோடு எதில் பேசுவாள், சைகையிலா?

'நாம் யார்' என்று அவள் கேட்டால் பெயர் சூட்டும் அவசரம் வேண்டாம். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் என்ற இருவர், பிள்ளைகளிடம் இருபது கேள்விகள் கேட்டுப் பார்த்தார்கள். உன் தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், அம்மாவும் அப்பாவும் எப்படிச் சந்தித்தார்கள், குடும்பத்தில் என்னென்ன கஷ்டம் வந்தது என்று. விடை தெரிந்த பிள்ளைகளுக்குத் தன்மதிப்பும் உறுதியும் கூடுதலாக இருந்தன. விடைகளை மனப்பாடம் செய்யவைத்தால் அந்தப் பலன் வராது என்று அவர்களே எச்சரித்தார்கள். சாப்பிடும்போதும் பயணத்திலும் கதை பேசுகிற வீடு என்பதற்கு அந்த விடைகள் அடையாளம், அவ்வளவுதான்.

உங்களிடம் கதைக்கா பஞ்சம்? வாசலைவிட்டு நகராமல் மாநிலம் மாறிய தாத்தாவைச் சொல்லுங்கள். கொங்கன் தோற்கும்போது கைதட்டிய அம்மாவைச் சொல்லுங்கள், உறுத்தியதையும் சேர்த்து. விஷமம் கதையைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவள் சிரிக்கும்போது உங்களுக்கும் அது கொஞ்சம் லேசாகலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய் ஆற்றைக் காட்டுங்கள். ஆனைமலைப் பக்கத்தில் ஆழியாறு என்ற பெயரில் ஓடுகிற தண்ணீர் அங்கே சித்தூர்ப்புழை. சோகநாசினி என்றும் சொல்வார்கள். மலையாள மொழியின் தந்தை என்று போற்றப்படுகிற எழுத்தச்சன் கடைசிக் காலத்தைக் கழித்ததாகச் சொல்லப்படும் குருமடம் அந்தக் கரையில்தான். அதே ஊர் அரசு கல்லூரியில் தமிழ்த்துறையும் இருக்கிறது. 1970இல் கையெழுத்தான பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு வழியாகச் சித்தூருக்கு வர வேண்டும், அதற்காக இரு பக்கமும் அவ்வப்போது சண்டை போட்டுக்கொள்வதையும் அவளிடம் மறைக்க வேண்டாம். ஓர் ஆறு, இரண்டு பெயர் என்று உவமை எழுத எனக்கும் கை அரிக்கிறது. அடக்கிக்கொள்கிறேன். பிள்ளைகளுக்கு ஆறு ஆறாகவே இருக்கட்டும்.

தம்பியிடம் எப்படித் தொடங்குவது? ஃப்ளெக்ஸைப் பற்றிப் பேச வேண்டாம். மன்னிப்பும் கேட்க வேண்டாம், அவனிடமும் எதிர்பார்க்க வேண்டாம். அது அடுத்த வழக்காகிவிடும். உங்கள் மகளுக்கு உடன்பிறந்த தாய்மாமன் அவன் ஒருவன். நாளை அவளுக்கு ஒரு சீர் என்று வந்தால் முன்னால் நிற்க வேண்டியவன் அவன்தான், நம் வழக்கத்தில் அந்த இடத்தில் வேறொருவரை நிறுத்த முடியாது. தாய்மாமன் எந்த எழுத்தில் கையெழுத்துப் போடுகிறான் என்று எந்தச் சீரும் கேட்டதில்லை. உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல விடை என் படிப்பில் இல்லை. ஒருவர் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதை, அவர் வராவிட்டால் எந்தக் காரியம் நின்றுபோகும் என்று பார்த்தும் சொல்லலாம்.

அடுத்த முறை அவன் ஊருக்கு வரும்போது, அல்லது நீங்களே திருச்சூர் பஸ் ஏறும்போது, அந்தக் கணக்கு நோட்டுகளில் ஒன்றை எடுத்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்து, பாதி மலையாளச் சொல் என்கிறீர்கள். உலகத்தில் அதை முழுதாக வாசிக்க இரண்டு பேர் சேர வேண்டியிருக்கும்: எழுத்தை நீங்கள் வாசிக்க வேண்டும், நீங்கள் தடுமாறுகிற சொல்லை அவன் சொல்ல வேண்டும். முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. அவனைப் பள்ளியில் சேர்த்த ஆண்டின் நோட்டு கிடைத்தால் அதை எடுத்துக்கொண்டு போங்கள். அந்த ஜூன் மாதத்தில் அப்பா எதற்கு எவ்வளவு செலவழித்தார் என்று பார்த்து அவனுக்கு வாசித்துக் காட்டுங்கள்.